முப்பத்தெட்டாம் எண்

இந்தக் கதையைப் பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதினோரு வருடமும் இதில் ஓர் இடத்தை மட்டும் நம்பாமல்தான் கேட்டிருக்கிறேன்.

சொன்னவர் பொய் பேசுகிறவர் அல்ல. ஆறுமுகநயினார் தூத்துக்குடியில் மருந்துக்கடை வைத்திருப்பவர். ஒரு மாத்திரை அட்டையின் காலக்கெடு முடிய மூன்று மாதம் இருந்தாலும், வாங்குகிறவரிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பார். இந்தக் கதையிலும் தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்வதில்லை. தலைகுனிந்த இடங்களைத் தலைகுனிந்தே சொல்வார். ஆனாலும் ஓரிடம் எனக்கு இடறும். அது எந்த இடம் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அவர் சொல்கிறபடியே சொல்லிவிட வேண்டும். அதுதான் நியாயம்.

நயினார் இளவயதில் ஊரிலுள்ள ஒரு கல்லூரியில் விலங்கியல் சேர்ந்தவர். இரண்டாம் வருடம் அப்பா படுக்கையில் விழுந்தார். நயினார் படிப்பை விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தார். முப்பது வருடம் கழித்து மகளை அதே கல்லூரியில் சேர்க்கப் போனபோது, கீழ்த்தளத்தில் விலங்கியல் ஆய்வகத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு துண்டு கடல் இருந்தது. பாறை, பாசி, காற்றில் ஆடுவதுபோலத் தண்ணீரில் ஆடும் பூக்கள், நடுவில் மீன்கள். மகள் விண்ணப்ப வரிசையில் நின்றாள். அப்பா தொட்டியின் முன்னால் நின்றார்.

அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் கிளாடிஸ் டீச்சர். நயினாரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அடுத்த வாரமும் நயினார் வந்து நின்றதைக் கண்டு, மகளைத் தேடி வந்தீர்களா என்று கேட்டார். இல்லை, இதைக் கற்றுக்கொள்ள வந்தேன் என்றார் நயினார். டீச்சர் ஒரு வாளியைக் கொடுத்து உப்புத் தண்ணீர் கலக்கச் சொன்னார்.

அன்றிலிருந்து மதியம் ஒன்றரைக்குக் கடையைச் சாத்திவிட்டு, நாலு மணி வரை நயினார் அங்கேதான். டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார். அவர் டீச்சர் என்பார். குரு, சீடன் என்ற சொற்களை இருவரும் சொன்னதில்லை. அவை என் மனதில் நான் வைத்துக்கொண்டவை.

தொட்டியிலிருந்த பாறைகள் கடலில் உடைத்தெடுத்தவை அல்ல. சிமெண்டும் சிப்பித்தூளும் குழைத்து ஆய்வகத்திலேயே செய்து, அனுமதி வாங்கி, ஆறு மாதம் கடலில் போட்டு எடுத்தவை. ஆறு மாதத்தில் அவற்றின் மேல் பாசி படர்ந்திருக்கும். பொந்துகளில் கூப்பிடாத ஆட்களும் குடியேறியிருப்பார்கள். புழு, நண்டு, நத்தை, பெயர் தெரியாத எதுவோ. பாறையோடு சேர்ந்து தொட்டிக்குள் வந்துவிடுவார்கள். ஓசிப் பயணிகள் என்பார் டீச்சர்.

அவர்களுக்காக அங்கே ஒரு நீளமான பதிவேடு இருந்தது. நான்கு கட்டங்கள். எண், நாள், என்ன செய்தது, பெயர். புதிதாக ஒன்று கண்ணில் பட்டால் உடனே எண் கொடுத்துவிட வேண்டும். பெயர்க் கட்டத்தை மட்டும் இருபத்தியொரு நாள் காலியாக விட வேண்டும். அதுவரை புத்தகத்தைத் திறக்கக் கூடாது, போனில் தேடக் கூடாது. மதியம் இரண்டு மணிக்குத் தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடுவார்கள். உள்ளே இருப்பவை பொழுது சாய்ந்துவிட்டது என்று நினைத்து வெளியே வரும். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொண்டு, துணிக்குள் தலையை விட்டுப் பார்த்து, பார்த்ததை எழுதுவார்கள். தாக்கியது, திருடியது என்று எழுதினால் டீச்சர் கோடு போட்டு அடித்துவிடுவார். பக்கத்தில் போனது, எடுத்தது என்று எழுத வேண்டும்.

பார்த்த அன்றே பெயரைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை சுலபம்தானே என்று நயினார் ஒருமுறை கேட்டார்.

டீச்சர் திருப்பிக் கேட்டார். "ஒங்க கடைக்கு ஒருத்தர் இருமிக்கிட்டு வாறார். வாசல்லயே டி.பி.ன்னு எழுதிருவியளா?"

"அது டாக்டர்லா எழுதணும்."

"அப்ப டாக்டர் ஆயிட்டு வாங்க."

இரண்டு வருடம் இப்படிப் போனது. அந்த வருடக் கோடையோடு டீச்சரைக் கல்லூரியின் இன்னொரு வளாகத்துக்கு மாற்றுவதாக இருந்தது. தொட்டியை யாரிடம் விடலாம் என்று துறைத்தலைவர் கேட்டிருந்தார். அதற்குள் நாகர்கோவிலில் டீச்சரின் அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை வந்தது. பதினாறு நாள் விடுப்பு. போகும்போது ஆய்வகச் சாவியை நயினாரிடம் கொடுத்தார்.

"வந்து வாங்கிக்கிடுதேன். இல்ல, வாங்காம விட்டாலும் விடுவேன். பாப்போம்" என்றார்.

முப்பது வருடத்துக்கு முன்னால் பாதியில் வெளியேறிய அதே கட்டிடத்தின் சாவி. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடந்தபோது, பார்க்கிறவர்களுக்கெல்லாம் அது தெரியும் என்று தோன்றியதாம். அதை எப்படியாவது தக்கவைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் தவிர வேறு எண்ணம் அந்தப் பதினாறு நாளும் தனக்கு இல்லை என்பார்.

மூன்றாம் நாள் சத்தம் கேட்டது. டீச்சர் கிளம்புவதற்கு முந்தின வாரம் இறக்கியிருந்த புதுப்பாறையின் அடியிலிருந்து, யாரோ விரலைச் சொடுக்குவதுபோல. டிக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. நயினார் பதிவேட்டில் முப்பத்தேழு என்று எண் போட்டு, கேட்டதை எழுதினார்.

ஐந்தாம் நாள் ஒரு மீனைக் காணவில்லை. வெள்ளை உடம்பும் சிவந்த வாலும் உள்ள, சுண்டுவிரல் அளவு மீன்கள் மூன்று இருந்தன. எதற்கெடுத்தாலும் பயப்படும் ஜாதி. அவற்றில் இரண்டுதான் இருந்தன. எட்டாம் நாள் ஒன்று. பத்தாம் நாள் அதுவும் இல்லை.

சொடுக்கும் சத்தம் போடுகிற பிராணி ஒன்றை நயினார் அறிவார். இறாலைப் போலவே இருக்கும். முன்னங்கால்களைக் கும்பிடுவதுபோல மடக்கி வைத்திருக்கும். மீன் பக்கத்தில் வந்தால் அந்தக் காலால் ஒரே அடி. ஆய்வகத்தில் அதற்கு அடியாள் என்று பட்டப்பெயர். தொட்டிக்குள் அது புகுந்துவிட்டால் மற்றவை ஒவ்வொன்றாகக் காணாமல் போகும் என்று டீச்சரே சொல்லியிருந்தார்.

சத்தம் இருக்கிறது. மீன்கள் இல்லை. பதினோராம் நாள், முப்பத்தேழாம் எண்ணுக்கு நேரே பெயர்க் கட்டத்தில் நயினார் எழுதினார். அடியாள்.

எழுதி முடித்ததும் மனசு லேசானது என்பார். மீன்கள் போனது தன் கையில் இல்லை. பொந்துக்குள் ஒரு ரவுடி இருந்தான். கண்டுபிடித்தாகிவிட்டது. டீச்சர் வரும்போது காட்ட ஒன்று இருக்கிறது.

சுவிட்சுகளை அணைத்தார். முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு பாறையைத் தூக்கி வாளியில் வைத்தார். டீக்காகக் கொண்டுவந்திருந்த பிளாஸ்கைத் திறந்து, வெந்நீரைப் பொந்துக்குள் ஊற்றினார்.

வெளியே வந்து விழுந்தது விரலில் ஒரு கணு அளவு இறால். கும்பிட்ட கால் இல்லை. ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பெரிசு. குட்டியாக இருக்கும், வளர்ந்தால் கால் மடங்கும் என்று நயினார் தனக்குள் சொல்லிக்கொண்டார். கடையிலிருந்து கொண்டுவந்த காலி இருமல் மருந்து பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றி அதைப் போட்டு வைத்தார்.

இரண்டு நாள் கழித்து அறையைக் கூட்டினார். தொட்டி வைத்திருக்கும் ஸ்டாண்டுக்குப் பின்னால், சுவிட்ச் போர்டுக்கு ஒரு சாண் தள்ளி, மூன்று மீன்களும் கிடந்தன. காய்ந்து கருவாடாகிவிட்டிருந்தன. அவர் நிமிர்ந்து மேலே பார்த்தார். தொட்டியின் வாயை மூடும் வலையின் ஓரம் மடங்கியிருந்தது. முதல் நாள் தீனி போடக் கை போக வசதியாக, அவரே மடக்கித் துணி மாட்டும் கிளிப் போட்டு வைத்தது. பயந்த மீன்கள் துள்ளும் என்பதற்காகத்தான் அந்த வலையே.

அவர் கிளிப்பை எடுத்தார். எடுத்த பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் அதைச் சட்டைப் பையில் போட்டார். சாவி இருந்த பையில்.

டீச்சர் வந்த அன்று மதியம் நயினார் முன்னதாகவே போய்விட்டார். மேசையின் மேல் பதிவேட்டை வைத்தார். பாட்டிலை வைத்தார். மூன்று மீன்களையும் செய்தித்தாளில் பொதிந்து வைத்தார். சாவியை அதன் பக்கத்தில் வைத்தார். டீச்சர் உள்ளே வந்ததும், அம்மா எப்படி இருக்கிறார்கள் என்றுகூடக் கேட்காமல் நடந்ததைச் சொல்லிவிட்டார்.

டீச்சர் பாட்டிலைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். செய்தித்தாளைப் பிரித்துப் பார்த்து, மறுபடி மடித்தார். பிறகு பதிவேட்டில் முப்பத்தேழாம் எண்ணின் பக்கத்தைத் திருப்பினார். பெயர்க் கட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

"படிங்க அண்ணாச்சி."

நயினார் படித்தார். எல்லாம் அவர் கையெழுத்து.

"மூணாம் நாள். பாறைக்கு அடியில் சொடுக்கும் சத்தம். நான்கு முறை. நாலாம் நாள். பொந்திலிருந்து மணல் வெளியே தள்ளப்படுகிறது. ஆறாம் நாள். மஞ்சள் புள்ளி மீன் பொந்தின் வாசலில் நிற்கிறது. மூலையில் இல்லை."

"அது ரெண்டு வருஷமா மூலையிலதான் கெடந்துச்சு" என்றார் டீச்சர். "ம். படிங்க."

"ஏழாம் நாள். பொந்திலிருந்து நீளமான மீசை ஒன்று வெளியே வந்தது. மஞ்சள் புள்ளி மீனின் வாலைத் தொட்டபடி இருந்தது. மீன் விலகவில்லை. எட்டாம் நாள். டார்ச்சை ஆட்டினேன். மீன் வாலை அசைத்தது. மீசை உள்ளே போனது. பிறகு மீனும் உள்ளே போனது. ஒன்பதாம் நாள். இரண்டும் ஒரே பொந்தில் இருக்கின்றன. மீன் வெளியே நிற்கும்போதுதான் மணல் வெளியே வருகிறது."

அதற்கு மேல் அவரால் படிக்க முடியவில்லை.

அந்த இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. அது தோண்டும், வீடு கட்டும். மீனுக்குத் தோண்டத் தெரியாது, ஆனால் பார்க்கும். வெளியே ஏதாவது அசைந்தால் வாலால் சொல்லும். சொடுக்கு எல்லாம் இறால் தன் வாசலில் போடும் சத்தம். அந்த அளவு மீனைக் கொல்லும் சக்தி அதற்கு இல்லை. இதையெல்லாம் டீச்சர் சொல்லவில்லை. பிறகு நயினாரே படித்துத் தெரிந்துகொண்டவை. ஆனால் அந்த நிமிடமே தனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பார். எழுதிய ஆள் நான்தான், படித்த ஆள்தான் நான் இல்லை என்பார்.

"இத யாரு எழுதுனது?" என்று டீச்சர் கேட்டார்.

"நான்தான் டீச்சர்."

"நல்லா எழுதிருக்கிய."

அதற்குப் பதில் ஓர் அறை விட்டிருக்கலாம் என்று நயினார் சொல்வார். ஒவ்வொரு முறையும் சொல்வார்.

கண்ணாடிக்கு உள்ளே, பாறை இருந்த இடத்தில் மணல் சரிந்து கிடந்தது. மஞ்சள் புள்ளி மீன் அந்தச் சரிவின் முன்னால், எப்போதும் நிற்கும் கோணத்தில், வாலைப் பின்னால் நீட்டிக்கொண்டு நின்றது.

நயினார் சாவியை டீச்சர் பக்கம் தள்ளினார். டீச்சர் அதைத் தொடவில்லை. பதிவேட்டில் புதுப்பக்கம் திருப்பி, முதல் கட்டத்தில் முப்பத்தெட்டு என்று எண் போட்டார். பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஓசியில வந்ததுல இன்னொண்ணு இருக்கு. இருபத்தியொரு நாள். என்ன செஞ்சதுன்னு மட்டும் எழுதுங்க."

"எது டீச்சர்?"

"மத்தியானம் ஒண்ணரைக்கு வருது. நாலு மணிக்குப் போவுது."

நயினார் பேனாவை எடுக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு எழுதினார். அந்த வரிகளை அவர் எனக்கு மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறார். "வலையின் ஓரத்தை மடக்கி வைத்தது. மூன்று மீன்கள் காணாமல் போயின. முப்பத்தேழுக்குப் பெயர் வைத்தது. வெந்நீர் ஊற்றியது. இரண்டு நாள் கழித்து மீன்களைக் கண்டது."

டீச்சர் அதை வாசித்தார். அவர் கண் ஒருமுறை ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்விட்டு வந்தது.

"நாளைக்கும் எழுதுங்க" என்றார்.

நயினார் எழுதினார். தினமும் மதியம் வந்து, தன்னை 'இது' என்றே எழுதினார். "உப்புத் தண்ணீர் கலக்கியது. சரிந்த மணலைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்தது." "ஏன் முகம் வாடியிருக்கிறது என்று மகள் கேட்டாள். கடையில் கூட்டம் என்று சொன்னது. கூட்டம் இல்லை." "துறைத்தலைவர் வந்து மீன்கள் எங்கே என்று கேட்டார். டீச்சர் வாயைத் திறக்கும் முன்னால் இது சொல்லிவிட்டது. சொன்னதற்குத் தன்னை மெச்சிக்கொண்டது." "மஞ்சள் புள்ளி மீன் இன்றும் அதே இடத்தில் நின்றது. இது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றது."

டீச்சர் தினமும் வாசிப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரே ஒருமுறை, 'வருத்தப்பட்டது' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "அத எங்க வச்சு பாத்திய?" என்று கேட்டார்.

இருபத்தியொன்றாம் நாள் நயினார் ஒரு சொல்லை யோசித்து வைத்துக்கொண்டு வந்தார். என்ன சொல் என்று எனக்குச் சொன்னதில்லை. நல்ல சொல்லாக இருந்திருக்க முடியாது. முப்பத்தெட்டாம் எண்ணுக்கு நேரே, பெயர்க் கட்டத்தில் பேனாவை வைத்தார்.

டீச்சர் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடியைப் போட்டார்.

"மறுபடியும் அவசரமா, அண்ணாச்சி?"

நயினார் கதையை இங்கே நிறுத்திவிடுவார்.

நானும் பல இடங்களில் இதை இதே இடத்தில் நிறுத்திச் சொல்லியிருக்கிறேன். கேட்பவர்கள் சிறிது நேரம் பேசாமல் இருப்பார்கள். அந்தப் பேசாமை எனக்குப் பிடிக்கும். அதை என்னுடையது போல வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். வரும் வழியில்தான் அந்த இடம் இடறும்.

முதல்முறை கதையைக் கேட்ட மறு வருடம் நயினார் என்னை அந்த ஆய்வகத்துக்கு அழைத்துப் போனார். டீச்சர் அப்போது மாற்றலாகிப் போயிருந்தார். சாவி நயினாரிடம் இருந்தது. ஆறு வருடம், அந்தத் தொட்டியை எடுக்கும் வரை, அவரிடம்தான் இருந்தது. அன்று பாறை ஒன்றை எடுத்துக் காட்டச் சொன்னேன். கை வைப்பதற்கு முன்னால் மின்சாரத்தை அணைத்தாக வேண்டும், ஈரக்கையோடு ஒருமுறை ஷாக் அடித்த பிறகு டீச்சர் போட்ட சட்டம் என்றார். ஸ்டாண்டின் பக்கவாட்டில் முழங்காலிட்டார். ஒரு கையைத் தரையில் ஊன்றி, கன்னம் தரையைத் தொடும் அளவுக்குத் தலையைச் சாய்த்து, பின்னால் பார்த்து, ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தார். நான்கு சுவிட்சுகள். நிதானமாகத்தான் அணைத்தார்.

எழுந்தபோது அவர் முழங்காலில் தூசி இருந்தது. நான் அதைத் தட்டிவிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை.

பதினோராம் நாள் வெந்நீர் ஊற்றுவதற்கு முன்னால் அவர் சுவிட்சுகளை அணைத்தார். அதைச் சொல்ல அவர் ஒருபோதும் மறந்ததில்லை. சுவிட்ச் போர்டுக்கு ஒரு சாண் தள்ளி மீன்கள் கிடந்தன என்பதையும் மறந்ததில்லை. இரண்டையும் வேறு வேறு நாளில் வைப்பார். அவ்வளவுதான்.

மீன்களை அப்போது பார்த்திருக்காமலும் இருக்கலாம். மூக்குக்கு முன்னால் கிடப்பதைப் பார்க்காமல் நான் எத்தனை நாள் வாழ்ந்திருக்கிறேன். அன்றைக்கு அவர் கோபத்தில் இருந்தார், கண் தெரியாத அவசரம், கையால் துழாவியே அணைத்திருக்கலாம். அறையில் மீன் வாடை எப்போதும் உண்டு. ஒவ்வொன்றும் சரிதான். இரவில் படுத்தால் ஒன்றும் சரியாக இல்லை.

பார்த்திருந்தால் கதை வேறு. பார்த்துவிட்டு, வலையின் ஓரத்தையும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு பிளாஸ்கைத் திறந்திருந்தால், அது பிழை அல்ல. சட்டைப் பையில் இருந்த சாவிக்காகச் செய்த காரியம். அப்படியானால் முப்பத்தெட்டாம் எண்ணின் முதல் நாள் குறிப்பில் இரண்டு வரிகள் இடம் மாறியிருக்கின்றன.

டீச்சருக்கு அந்தச் சுவிட்ச் போர்டு தெரியாதா. சட்டம் போட்டவரே அவர். குறிப்பை வாசித்துவிட்டு அவர் கண் பின்னால் போய் வந்தது என்பதை நயினாரே சொல்கிறார். மற்ற வரிகளையெல்லாம் ஆற அமரச் சொல்பவர், அந்த ஒரு வரியை மட்டும் வேகமாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவார். டீச்சர் கேட்கவில்லை. நாளைக்கும் எழுதுங்கள் என்றார். சாவியையும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

கேட்காமல் விடத் தெரிந்த ஒருவர் கேட்காமல் விட்டதை நான் ஏன் கேட்க வேண்டும். இதற்கும் எனக்குப் பதில் தெரியும். அது அழகான பதில் அல்ல.

என் அலுவலகத்தில் ஒருவர்மேல் நான் ஒரு பக்க அளவில் புகார் எழுதிக் கொடுத்தேன். காணாமல் போன ஒரு கோப்பு தொடர்பானது. அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அவர் மனைவிக்கு அப்போது ஏழாவது மாதம். கோப்பு பிறகு என் மேசையின் கீழ் இழுப்பறையில் கிடைத்தது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். 'பிறகு' என்ற சொல்லைச் சேர்த்தே சொல்லியிருக்கிறேன். புகாரில் கையெழுத்துப் போட்ட அன்று மதியம், போடுவதற்கு முன்னால், அந்த இழுப்பறையை நான் திறந்தேன். ஒரு விரற்கடை திறந்து, உள்ளே கோப்பின் சிவப்பு நாடாவைக் கண்டு, மூடினேன். நயினாரின் கதையைக் கேட்ட முதல் நாளிலிருந்து, அவரும் முன்னாலேயே பார்த்திருக்க வேண்டும் என்று நான் விரும்பிக்கொண்டிருக்கிறேன். பார்த்திருந்தால் எனக்கு ஒரு துணை.

ஒருவேளை அவர் பார்க்கவே இல்லை என்றால், ஒரு நல்ல மனிதரைப் பற்றி இத்தனை வருடம் நான் என்ன எழுதி வைத்திருக்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு மதியம் ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போனேன். கடையில் வேறு யாரும் இல்லை. நயினார் இப்போது அறுபத்துநாலு வயதுக்காரர். மதியத்தில் போக அவருக்கு வேறு இடமில்லை என்பதால் கடையை மூடுவதும் இல்லை. கிளாடிஸ் டீச்சர் போனில் பேசியதாகச் சொன்னார். அம்மா தவறிவிட்டார்களாம். தொட்டியைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்றேன். கேட்கவில்லை என்றார். ஒருநாளும் கேட்டதில்லை என்றார். சொல்லிவிட்டு மாத்திரை அட்டையைத் திருப்பி, வழக்கம்போலக் காலக்கெடுவைப் பார்த்தார்.

காகித உறையில் போட்ட மாத்திரையை அவர் நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது.

என் கதையை முதலில் சொல்லிவிட்டுக் கேட்டிருக்கலாம். அது மரியாதையாக இருந்திருக்கும். நான் அதைச் சொல்லாமலேயே கேட்டேன்.

"அண்ணாச்சி, அன்னைக்குப் பாறையத் தூக்குததுக்கு முன்னால குனிஞ்சு சுவிட்ச அணைச்சியளே, அப்பவே அந்த மூணு மீனும் அங்க கெடந்துச்சா?"